பொய் விரல்

எங்கள் கரி யார்டில் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி "இதுல கை வையி" என்றால் மை டப்பா தேவைப்படாது. விரலே கறுப்பாகத்தான் இருக்கும். இடது கைப் பெருவிரலைப் புடவைத் தலைப்பில் லேசாகத் துடைத்துவிட்டு அழுத்தினால் ரேகை அச்சடித்த மாதிரி விழும். தினமும் காலையில் மஸ்டர் நோட்டில் ஆஜர் பதிந்தது அந்த விரலால்தான். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத காகிதம் வந்தால், அதற்கென்று எங்களிடம் வேறு விரல் இருந்தது. வலது கை மோதிர விரல். அதைப் படுக்கப் போட்டு உருட்டினால் பெருவிரல் ரேகை மாதிரியே தெரியும். அதற்குப் பொய் விரல் என்று பெயர்.

இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கரிக்கூடை தூக்க வந்தபோதே பழக்கத்தில் இருந்தது. ஒரு முறை அது எங்கள் குடிசைகளையே காப்பாற்றியது. யார்டை ஒட்டியிருந்த எங்கள் சந்து, யார்டை நடத்திய கான்ட்ராக்டரின் இடம். சொன்னவுடன் காலி செய்கிறோம் என்று ஒரு காகிதத்தில் எல்லாரிடமும் ரேகை வாங்கிக்கொண்டு அவர் கோர்ட்டுக்குப் போனார். அங்கே மஸ்டர் ரேகையோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சேரவில்லை. மேஸ்திரிதான் தன் ஆட்களை வைத்துப் போலி ரேகை போட்டுவிட்டார் என்று கான்ட்ராக்டர் அவரை எல்லார் முன்னாலும் அறைந்தார். நாங்கள் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றோம். சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சந்தில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். ராயபுரத்தில் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தேன். எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் படித்துப் பார்த்து, எந்த விரல் என்று சொல்லுவேன். பெரும்பாலும் பொய் விரல்தான் சொல்லுவேன். சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. காசிமேட்டிலிருந்து மீன்காரி வந்தால் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும் மோந்து பார்ப்பேன். ஒருவர் சிரித்துப் பேசினால் எதற்காகச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். இந்தச் சுபாவத்தால் நான் பல முறை தப்பித்திருக்கிறேன். அதனால் அதைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

என் புருஷன் கப்பலில் கரி தள்ளும் வேலையில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் நானும் என் நாத்தனாரும்தான். அவருடைய தங்கை, என்னைவிட நாலு வயது சின்னவள், கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டு பேரும் ஒரே கேங்கில் கூடை தூக்கினோம். அவள் எனக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் நம்புவாள்.

யார்டின் நடுவில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அதைத் திறக்கத் தண்ணீர்க்காரர் என்று தனியாக ஓர் ஆள். மற்ற கேங்குக்காரர்களுக்கு டம்ளரில் கொடுப்பார். எங்கள் சாதிக்காரர்கள் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாய்க்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார். கையிலுள்ள கரியும் சேர்ந்து உள்ளே போகும். சுதந்திரம் வந்து, கொடியேற்றி, எங்களுக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்த பிறகும் அப்படித்தான் குடித்தோம்.

ஒரு சித்திரை மாத மத்தியானம், எங்கள் கேங்கில் வயதான ஒரு அம்மா கூடையோடு கரிக்குவியல் மேல் சாய்ந்துவிட்டார். தண்ணீர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் எல்லாரும் அவர் போன திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். என் நாத்தனார் கத்தவில்லை. நேராகப் போய்க் குழாயைத் திறந்து, தலைப்பை நனைத்துக்கொண்டு வந்து அந்த அம்மா வாயில் பிழிந்தாள். மறுபடி போய் நனைத்து வந்தாள். அந்த அம்மா கண் விழித்தார். சாயங்காலம் அந்தக் குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். மேஸ்திரி என் நாத்தனாரின் நம்பர் வில்லையை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நான் மேஸ்திரியிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூலக்கொத்தளம் வழியாகப் புளியந்தோப்புக்கு நடந்து போய், அங்கே இருந்த சட்டசபை உறுப்பினரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் வக்கீல். எங்கள் சாதிதான், புளியந்தோப்புக் குடிசையில் பிறந்து படித்து மேலே வந்தவர். கிணறு, டீக்கடை, சவரக்கடை, சத்திரம் என்று பொது இடம் எதிலும் யாரையும் விலக்கக் கூடாது, விலக்கினால் தண்டனை என்று அவர் ஒரு மசோதா கொண்டு வந்திருந்தார். அதைப் பற்றி மீன் சுற்றி வந்த பேப்பரில் நானே படித்திருந்தேன். அவர் கட்சிக்காரர்களே இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்களாம். அவர் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் சந்துக்கு வந்தார். கறுப்புக் காரில் வந்தார். கான்ட்ராக்டரிடமும் அதே மாதிரி கார் இருந்தது. எனக்கு அப்போதே மனசு சரியாக இல்லை. சகோதரிகளே, தாய்மார்களே என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார். உட்காரச் சொன்னோம், பரவாயில்லை என்று நின்றுகொண்டே பேசினார். என் நாத்தனார் ஓடிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி, டிரைவரிடம், "முனைக் கடையில் ஒரு சோடா வாங்கி வாப்பா" என்றார்.

எங்களுக்கு அது போதும். எங்கள் பக்கம் ஓட்டு கேட்டு வந்தவர்கள் எல்லாரும் சோடாதான் குடிப்பார்கள். சோடா மூடிய பாட்டிலில் வருகிறது; எங்கள் செம்பைத் தொட வேண்டியதில்லை. மற்ற சாதிக்காரர்கள் குடித்தால் போகட்டும். நம்ம வீட்டில் பிறந்தவரே சோடா கேட்டால்?

அவர் குடித்து முடித்து விஷயத்துக்கு வந்தார். சபையில் ஒரு பெரிய மனிதர் எழுந்து, தண்ணீர் கொடுக்காத வழக்கமெல்லாம் பட்டிக்காட்டில்தான், பட்டணத்தில் ஏது என்று கேட்டாராம். அதனால் வேலை செய்யும் இடம் என்ற வார்த்தையே மசோதாவில் இல்லாமல் போகப் போகிறது. யார்டு, மில், துறைமுகம் எங்கேயும் தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று ஒரு வரி. தண்ணீரைத் தொட்டதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரியையும் சேர்க்க அவருக்குச் சாட்சி வேண்டும். நடந்ததை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன், பார்த்தவர்கள் எல்லாரும் ரேகை வைத்தால் சபையில் தாக்கல் செய்வேன் என்றார்.

காகிதத்தை நான் வாங்கிப் படித்தேன். எழுதியிருந்தது எல்லாம் உண்மை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. இவ்வளவு உண்மையாக எழுதிய காகிதம் கான்ட்ராக்டர் கைக்குப் போனால் சந்தில் ஒருத்தருக்கும் வேலை இருக்காது. காரைப் பார்த்தேன். சோடா பாட்டிலைப் பார்த்தேன். வரிசையில் முதலில் நின்ற பெண்ணிடம், "நல்ல கையால வையிமே" என்றேன். நல்ல கை என்றால் வலது கை. எல்லாருக்கும் புரிந்தது. ஒவ்வொருவராக வந்து மோதிர விரலை உருட்டிவிட்டுப் போனார்கள். அவர் பக்கத்தில் மேடைத் தமிழில் வாழ்த்திக்கொண்டிருந்தார், ஒன்றும் கவனிக்கவில்லை.

என் நாத்தனார் முறை வந்தபோது அவள் இடது கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உடு அண்ணி. இது என் கத. நான் ஒயுங்கா வெக்கணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"உன் கததான். அத்தொட்டுதான் சொல்றேன்" என்று அவள் இடது கையைக் கீழே இறக்கி, வலது கை மோதிர விரலை நானே பிடித்துக் காகிதத்தில் அழுத்தி உருட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். ஆனால் இழுக்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்த மீன் பேப்பரில் பெரிய எழுத்தில் இருந்தது: போலி ரேகை, உறுப்பினர் மேல் புகார். கான்ட்ராக்டர் தரப்பில் யாரோ மஸ்டரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் நிபுணர் ஒத்துப் பார்த்து, ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சபையில் ஒருவர், வக்கீல் தன் வீட்டு விரல்களையே உருட்டிவிட்டார் போலிருக்கிறது என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். படித்துச் சொன்னபோது சந்தில் ஓரிரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் நாத்தனார் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் அவர் மறுபடி வந்தார். கார் இல்லை. புளியந்தோப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார். வேஷ்டி முழங்கால் வரை புழுதி. அந்தக் கார் யாரோ நண்பரிடம் இரவல் வாங்கியதாம். மேடைத் தமிழும் இல்லை.

"நீங்கோ வெக்கலன்னா சொல்லிடுங்கோ. யாரோ என்ன ஏமாத்திட்டாங்கோன்னு போய் மன்னிப்பு கேட்டுக்கினு வந்துடறேன். வெச்சது நீங்கதான்னா, ஏன் சேரல? எனக்குத் தெரியணும்" என்றார்.

என் நாத்தனார் செம்பைக் கொண்டு வந்து நீட்டினாள். அவர் வாங்கி மடக் மடக்கென்று முழுவதும் குடித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்று யாரும் பார்க்கவில்லை என்று குடிக்கிறாரா, இல்லை, காரியம் ஆக வேண்டும் என்று குடிக்கிறாரா?

"அன்னிக்கி ஏன் சோடா கேட்டீங்கோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. பிறகு முகம் மாறிவிட்டது. "அதுக்கா?" என்றார். செம்பைக் கீழே வைத்தார். "சின்ன வயசிலேர்ந்து அப்டித்தாம்மா. தண்ணின்னு கேட்டா ஒவ்வொருத்தனும் டம்ளர் குடுக்கலாமா வேணாமான்னு மூஞ்சப் பாப்பான். சோடான்னா பாட்டில நீட்டிட்டுப் போய்டுவான். காலேஜ்ல சோடா, கோர்ட்ல சோடா. எங்கப் போனாலும் வாயில அதான் வருது. உங்க வூட்லயும் வந்துட்டுது."

என் நாத்தனார்தான் சொன்னாள். வலது கையை நீட்டி மோதிர விரலைக் காட்டி, "இத்தத்தான் ஐயா வெச்சோம். எல்லாரும். சந்தேகப்பட்டு" என்றாள். யார் சொல்லி வைத்தோம் என்று அவள் சொல்லவில்லை.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். பிறகுதான் அவர் சொன்னதில் உண்மையான சிக்கல் வந்தது. நாளை மறுநாள் கமிட்டி கூடுகிறது. அதற்கு முன்னால் சிலராவது நேரில் வந்து, பத்து விரலும் வைத்து, அன்று பொய் விரல் வைத்தது நாங்கள்தான் என்று சொன்னால் மனு நிற்கும். ஆனால் அப்படிச் சொன்னால் குடிசை வழக்கில் வைத்ததும் நாங்கள்தான் என்று வெளியே வந்துவிடும். கான்ட்ராக்டர் அந்த வழக்கைத் திரும்பக் கிளப்புவார். அதோடு பொய் விரல் என்று ஒன்று இருப்பதே எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்கள் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

அவர் போன பிறகு சந்தில் பெரிய சண்டை. இதற்காகத்தான் நடந்து வந்து, தண்ணீர் குடித்து, அழுத மாதிரி பேசினாரோ என்று பாதிப் பேர் சொன்னார்கள். கான்ட்ராக்டர் அனுப்பியிருந்தால் இவ்வளவு அழகாகத்தான் பேசுவார் என்றார்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. சோடா கதையைக்கூடத் திருப்பித் திருப்பி யோசித்தேன், எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று.

"பேஜாரு புட்சவங்கமே நீங்கோ. நான் போறேன். வர்றவங்கோ வாங்கோ" என்றாள் என் நாத்தனார்.

பதினொரு பேர் போனோம். நம்பிக்கை வந்து நான் போகவில்லை. அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கோட்டையில் நீளமான மேஜை. ஒரு குமாஸ்தா எங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் தோய்த்து உருட்டினார். ஒவ்வொருவர் கையையும் தொட்ட பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மஸ்டர் ரேகை, மனு ரேகை எல்லாம் பொருந்தின. அப்போது, பட்டணத்தில் ஏது என்று கேட்ட அந்தப் பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "கோர்ட்டையே ஏமாற்றியவர்கள் நீங்கள். இன்றைக்குச் சொல்வது மட்டும் நிஜம் என்று எப்படி நம்புவது?" என்றார்.

என் நாத்தனார்தான் பேசினாள். "நம்ப வாணாம் சாமி. நாளைக்கி காத்தால யார்டாண்ட வாங்கோ. இவங்கோ யாருனா பைப்பத் தொறக்கட்டும். இன்னா நடக்குதுன்னு நீங்களே நின்னு பாருங்கோ."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

சாயங்காலம் வக்கீல் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சட்டை முழுக்க வியர்வை. நேராக என் நாத்தனார் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு வரில ஒண்ணுதான் நிக்கும்மா. ஒரு தபா பொய் ரேக வெச்சவங்களுக்காக வேலையத் திருப்பிக் குடுன்னு சட்டம் போட முடியாதுன்றாங்கோ. அத்த எடுத்துட்டா தண்ணி வரிக்கு ஓட்டுப் போட்றேன்னு நாலு பேரு சொல்றாங்கோ. அந்த நாலு பேரு இல்லன்னா ரெண்டும் பூடும்."

"வித்துட்டுத்தானே வந்து கேக்கறீங்கோ?" என்று நான் கத்தினேன். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆரம்பத்திலேர்ந்தே எனக்குத் தெரியும். அவ வேலைய உள்ள வெச்சி வித்துட்டீங்கோ!"

அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "மொதல் தபாவே ரேக சேர்ந்திருந்தா அவங்களால ரெண்டையுமே தொட்டிருக்க முடியாதும்மா" என்றார்.

நான் என் நாத்தனாரைப் பார்த்தேன்.

என் நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. "தண்ணிய வெச்சிக்கோ ஐயா" என்றாள். "என்ன உட்டுடு. நான் எங்கனா பொயச்சிக்குவேன்."

மசோதா நிறைவேறியது. கொஞ்ச நாளில் யார்டுக் குழாய் பக்கத்தில், தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று ஓர் அட்டையை மாட்டினார்கள். தண்ணீர்க்காரரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதே வாரத்தில் மேஸ்திரி எங்கள் பத்து விரலையும் மஸ்டரில் வாங்கிக்கொண்டார். குடிசை வழக்கும் மறுபடி வந்தது. கோட்டைக்குப் போன பதினொரு பேர் வீடுதான் முதலில் காலியானது. நாங்கள் மூலக்கொத்தளம் பக்கம் ஒரு ஓலை வீட்டுக்குப் போனோம். என் நாத்தனார் எண்ணூரில் உப்பளத்து வேலைக்குச் சேர்ந்தாள். கால் பாதம் வெடித்து, நடக்கும்போது பக்கவாட்டில் வைத்து நடந்தாள்.

அட்டை மாட்டிய அன்று நான் குழாயடியில் வெகுநேரம் நின்றேன். மேஸ்திரி எங்கேயாவது ஒளிந்து பார்க்கிறாரா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். பிறகு திறந்து குடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னைக் கால் கழுவக்கூட அவள் விடவில்லை.

"குடிச்சியா அண்ணி?"

"குடிச்சேன்."

"உன் கையாலயே தொறந்தியா? எவனும் ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்கல."

அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். திருவிழாவுக்குப் போய் வந்தவளிடம் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தாள். வேகமாக வந்ததா, சில்லென்று இருந்ததா, யார் யார் குடித்தார்கள் என்று. அவள் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். "உன் வேலை என்னாலதான் போச்சு. அன்னிக்கி நான் சும்மா இருந்திருந்தா இப்ப நீயும் அங்கதான் இருந்திருப்பே" என்றேன்.

"தெரியும்" என்றாள். "என் கையப் புட்சது நீதானே."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். அந்தப் பேச்சை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. ஒரு தடவையாவது எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.